உபின் இபினும் நம் பிள்ளைகளும்

தொலைக்காட்சிப் பெட்டியைத் திறந்தால், மொட்டைத்தலையுடன் கூடிய இரட்டைச் சிறுவர் இருவர் நம் வீட்டுக் கூடத்திற்கே வந்துவிடுகின்றனர். மஞ்சள் சட்டையும் தலையில் ஒற்றை முடியும் உடையவன் உபின். நீலச் சட்டை அணிந்து, எதைக் கேட்டாலும் ‘பெத்துல், பெத்துல், பெத்துல்’ என மும்முறை ஆமோதிப்பவன் இபின். இவர்களை அறியாத தமிழ்ப்பள்ளி மாணவரைக் காண்பது அரிது.

இத்தொடரைப் பற்றிப் பெற்றோரிடையே இருவகைக் கருத்துகள் உலவுகின்றன. ‘கார்ட்டூன் என்றாலே காலவிரயம், பெட்டியை அணைத்துவிட வேண்டும்’ என்பர் ஒரு சாரார். ‘இது நல்ல தொடர், எவ்வளவு நேரம் பார்த்தாலும் கெடுதல் இல்லை’ என்பர் மறுசாரார். இவ்விரண்டும் முழு உண்மை அல்ல. ஒரு தொடரை ஒட்டுமொத்தமாகப் புகழ்வதும் எளிது; இகழ்வதும் எளிது. ஆனால், பிள்ளையின் மனத்தில் பதிவது அன்றைய நாளில் அது பார்த்த ஓர் அத்தியாயமே. எனவே, நாம் எடைபோட வேண்டியதும் அத்தியாயத்தையே என்பது என் துணிபு.

முதலில் இத்தொடரின் வரலாற்றைச் சிறிது காண்போம். ஷா ஆலாமில் இயங்கும் லெஸ் கோபாக் நிறுவனம் தயாரித்த இத்தொடர், 2007ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், நோன்பு மாதத்தையொட்டி டிவி 9 அலைவரிசையில் முதன்முதலாக ஒளியேறியது. பல்லூடகப் பல்கலைக்கழகத்தில் பயின்ற இளைஞர்கள் இதன் உருவாக்கத்தில் முன்னின்றனர். ‘கெங்’ எனும் முழுநீளப் படத்தை உருவாக்கிக்கொண்டிருந்த அவர்கள், அதற்கு முன்னோட்டமாகவே இச்சிறு தொடரை வெளியிட்டனர். அப்படம் திரைக்கு வந்தது 2009ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான். அதற்குள் முன்னோட்டமே பெரும்புகழ் பெற்றுவிட்டது. அண்டை நாடாகிய இந்தோனேசியாவிலும் இச்சிறுவர்கள் வீட்டுப் பிள்ளைகளாயினர்.

முதல் பருவத்தில் ஆறே அத்தியாயங்கள். ஒவ்வொன்றும் சில நிமிடங்களே ஓடின. தாய் தந்தையரை இழந்து, பாட்டி ஓபாவிடமும் அக்காள் ரோஸிடமும் வளரும் ஐந்து வயதுச் சிறுவர் இருவர், முதன்முறையாக நோன்பு நோற்க முயல்கின்றனர். கதை அவ்வளவுதான். பசியும் தாகமும் அவர்களைச் சோதிக்கின்றன. அக்காள் அதட்டுகிறாள், பாட்டி அரவணைக்கிறாள். அச்சிறுவர்களின் சுணக்கமும் பிடிவாதமும் நம் பிள்ளைகளின் சுணக்கமும் பிடிவாதமுமேயன்றி வேறல்ல. இதனைக் காணும் தமிழ்ப் பிள்ளைக்கு நோன்பின் சட்டதிட்டங்கள் தெரிய வேண்டியதில்லை. தைப்பூசத்திற்கு விரதமிருக்கும் தன் அன்னையை அது எண்ணிப் பார்க்கும். அடுத்த வீட்டு மலாய்த் தோழன் பகலெல்லாம் நீரும் அருந்தாமல் இருப்பதன் பொருளை உணரும். ஓர் இனத்தாரின் வழக்கத்தை மற்றோர் இனத்தாரின் பிள்ளைக்கு உணர்த்துவது மேடைப் பேச்சால் எளிதில் கைகூடுவதன்று. அதனை இச்சிறு அத்தியாயங்கள் செய்து காட்டின.

சிறந்த அத்தியாயத்தின் இலக்கணம் இதிலிருந்தே புலப்படும். ஒரு சிறிய ஆசை, அதற்கு ஒரு தடை, அத்தடையின் முன் பிள்ளை தானே எடுக்கும் ஒரு முடிவு ஆகிய மூன்றும் அமைந்துவிட்டால் அறிவுரை தேவையில்லை. மெயில் எனும் சிறுவனையே எடுத்துக்கொள்வோம். கோழி விற்கும் தாயாருக்குத் துணைநிற்பவன் அவன். எதைக் கண்டாலும் இரண்டு வெள்ளி என விலை கூறுபவன். அவன் பேச்சு நமக்கு நகைப்பூட்டுகிறது. ஆயினும், நல்ல அத்தியாயங்களில் அவனது உழைப்பு நகைப்புக்கு இடமாவதில்லை. விடியற்காலையில் பால்மரம் வெட்டச் செல்லும் பெற்றோருக்கு வீட்டில் தம்பி தங்கையரைக் கவனித்து உதவிய பிள்ளைகளைக் கண்டது நம் தோட்டப்புறம். இன்றும் பெற்றோருடன் சந்தையிலும் கடையிலும் நிற்கும் பிள்ளைகள் நம்மிடையே உண்டு. ‘என்னைப் போல் ஒருவன்’ என அப்பிள்ளை தலைநிமிர்வதற்கு மெயில் ஒருவன் போதும்.

எல்லா அத்தியாயங்களும் இத்தரத்தில் அமைந்தனவா? இல்லை என்றே கூற வேண்டும். பருவங்கள் பெருகப் பெருக, இரு குறைகள் தலைகாட்டின. ஒன்று, பெரியவர் ஒருவர் வந்து நின்று பாடம் நடத்துவது. சிறுவர்கள் தவறு செய்வர், ஆசிரியரோ தோக் டாலாங் தாத்தாவோ விளக்கம் கூறுவர், சிறுவர்கள் தலையாட்டுவர். இத்தகைய அத்தியாயத்தில் தவறை உணர்வது பிள்ளையன்று. வசனம் எழுதியவரே உணர்ந்து கூறிவிடுகிறார். மற்றொன்று, வியப்பூட்டுவதற்காகக் கம்பத்தை விட்டு வெளியேறுவது. 2014ஆம் ஆண்டில் ஜப்பானிய அல்ட்ராமேன் வரிசையைச் சேர்ந்த ‘அல்ட்ராமேன் ரிபுட்’ எனும் வீரனை இத்தொடரில் தோன்றச் செய்தனர். பிள்ளைகள் அதனைக் கண்டு ஆர்ப்பரித்தனர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், அரக்கனை வீழ்த்தும் வீரர்கள் உலகத் தொலைக்காட்சியில் ஏராளம். கம்போங் டுரியான் ருந்துவின் மண்பாதையும் கோழிக்கூடும் சாப்பாட்டுக் கடையும் இத்தொடரில் மட்டுமே உள்ளன. பிறரிடம் இல்லாத செல்வத்தை விட்டுவிட்டு, எல்லாரிடமும் உள்ள பொருளை நாடுவானேன்?

இனி, தமிழராகிய நாம் கூர்ந்து நோக்க வேண்டிய ஒன்று உண்டு. இத்தொடரில் சாப்பாட்டுக் கடை நடத்தும் முத்துவும், விலங்குகளோடு பேசவல்ல அவர் மகன் ராஜுவும் தமிழர்கள். மலாய்மொழித் தொடர் ஒன்றில் தமிழர் ஒருவர் கம்பத்து மக்கள் யாவருக்கும் வேண்டியவராக வலம் வருவது மகிழ்ச்சிக்குரியதே. தீபாவளியை மையமாகக் கொண்ட அத்தியாயமும் உண்டு. ஆனால், அன்றாட அத்தியாயங்களில் முத்துவை நாம் பெரும்பாலும் கடைமுகப்பிலேயே காண்கிறோம். அவர் பேச்சின் ஓசை சிரிப்பை வரவழைக்கிறது. அச்சிரிப்பு அன்பின் சிரிப்பா, ஏளனத்தின் சிரிப்பா என்பதை அத்தியாயத்திற்கு அத்தியாயம் நாம் கவனித்தல் வேண்டும். கடையில் அவர் கவலைப்படும்போது பார்ப்பவரும் கவலைப்பட்டால், அது நல்ல அத்தியாயம். அவர் வாய் திறந்தாலே சிரிக்கத்தான் வேண்டும் என்றிருந்தால், அது குறையுள்ள அத்தியாயம். திரையில் தம் இனத்தார் எவ்வாறு காட்டப்படுகின்றனரோ, அவ்வாறே தம்மையும் பிறர் காண்பர் எனப் பிள்ளைகள் எண்ணுவது இயல்பு.

இத்தொடரால் நம் பிள்ளைகளுக்குக் கிட்டும் மற்றொரு பயனையும் கூறாதிருத்தல் முறையாகாது. வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் பிள்ளைக்குத் தேசிய மொழியின் பேச்சோசை இதன்வழி காதில் விழுகிறது. ஜார்ஜிட் சிங் கூறும் பந்துன்களைப் பிள்ளைகள் விளையாட்டாகவே மனனம் செய்கின்றனர். ஆனால், கேட்பது மட்டும் கல்வியாகாது. மலாய் மொழியில் பார்த்த கதையைத் தமிழில் திருப்பிச் சொல்லும்போதுதான் இரு மொழிகளும் ஒருங்கே வளரும்.

ஆதலின், பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாள் முழுதும் உழைத்துக் களைத்து வரும் உங்களிடம் மணிக்கணக்கில் அமர்ந்து பார்க்கும்படி நான் கேட்கவில்லை. ஓர் அத்தியாயத்தை மட்டும் பிள்ளையோடு அமர்ந்து காணுங்கள். முடிந்ததும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இன்று உபினும் இபினும் எதற்கு ஆசைப்பட்டார்கள்? தவறைத் தாமே உணர்ந்தார்களா, பிறர் சொல்லித் திருந்தினார்களா? அவர்கள் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்? பிள்ளை தமிழில் விடை கூறட்டும். மூன்று கேள்விகளுக்கும் விடை கூற முடிந்தால், அந்த அத்தியாயம் நல்லது. ‘சிரிப்பாக இருந்தது’ என்பதற்கு மேல் சொல்ல ஏதுமில்லையாயின், அது பொழுதுபோக்கு மட்டுமே. அதனைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால், அதற்கு மேல் அடுத்தடுத்து நான்கைந்தைக் காட்ட வேண்டியதுமில்லை.

மாணவச் செல்வங்களே! ஒரு கம்பத்தையும் சில பிள்ளைகளையும் கொண்டே இத்துணைக் கதைகளைப் பின்ன முடிந்ததென்றால், உங்கள் வீட்டு வாசலிலும் கதைகள் இல்லாமற் போகுமா? செம்பனைக் காட்டு ஓரத்தில் மிதிவண்டி ஓட்டக் கற்ற நாள், கோயில் திருவிழாவில் காணாமற் போன தம்பி, பாட்டி கூறிய பழைய லயத்து வாழ்க்கை ஆகிய யாவும் எழுதத்தக்கவையே. இவற்றைத் தமிழில் எழுதிப் பழகுங்கள். அடுத்த ஆண்டு மலரின் பக்கங்களில் அக்கதைகளைப் படிக்கக் காத்திருக்கிறோம்.