விழுந்த மரமும் வெட்டும் கையும்

தோட்டங்களில் காற்றுக்கு விழும் மரங்களை அப்புறப்படுத்தும் வேலை சிறு காண்டிராக்டர்கள் கைக்குப் போய் வெகு காலமாகிறது. அவர்களில் இப்போது நம்மவர்களும் இருக்கிறார்கள். பால்வெட்டிலிருந்து ஓய்வு பெற்றவரோ, தோட்டம் செம்பனைக்கு மாறியபோது வேலை இழந்தவரோ, ஒரு சங்கிலிவாளும் பழைய லாரியும் தேடிக்கொண்டு, லயத்திலிருந்து இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு இறங்கிவிடுகிறார். இதை நாம் குறை கூறவில்லை. வெளியிலிருந்து வரும் தவுக்கே கொண்டுபோகும் லாபம் நம்மில் ஒருவருக்குக் கிடைத்தால் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால், எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்குகிறார் என்பதுதான் நமது கேள்வி.

மேற்குக் கரைத் தோட்டங்களில் இருப்பவர்களுக்குச் சுமத்ரா காற்றைப் பற்றி நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில், மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து பெரும்பாலும் பிரட்டுக்கு முன்பே வந்து அடித்துவிட்டுப் போய்விடும். வேரில் வெள்ளைப் பூசணம் பிடித்த மரம் அடியோடு சாயும். பலவீனமான ரகம் நடுவில் முறியும். நிரையில் இருபது மரம் போனால் பால்வெட்டுபவர் நடக்கும் தூரம் குறைவதில்லை, பால்தான் குறைகிறது. அந்த நஷ்டத்துக்கு ஈடு கேட்பது தனி விவகாரம்.

ஒரு காலத்தில் இந்த மரம் வெறும் விறகு. பிறையில் 1967-ல் உற்பத்தி தொடங்கிய மலாயாவாத்தா இரும்பு ஆலை, ரப்பர் மரக் கரியைத்தான் உலையில் போட்டது. இன்று மூவார் வட்டாரத்து நாற்காலி, மேசைத் தொழிற்சாலைகளுக்கு இதுவே முக்கிய மரம். அறுத்த ரப்பர் பலகையின் ஏற்றுமதிக்கு அரசாங்கம் 2017 ஜூலையில் தடை விதித்ததும் அந்தத் தொழிற்சாலைகளுக்கு மரம் போதவில்லை என்பதால்தான். ஆகவே, விழுந்த மரம் குப்பையல்ல, சரக்கு. குப்பையை அள்ளுவதாக நினைத்து மானேஜரிடம் பேசப் போகிறவர் ஏமாந்துதான் திரும்புவார்.

ஆனால் இந்தச் சரக்கு காத்திருக்காது. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாட்களுக்குள் ஆலைக்குப் போய் அறுபட்டு மருந்து ஏறாவிட்டால் பூசணம் பிடித்து நீலம் பாயும், வண்டும் துளைக்கும். முறிந்து கிடப்பது சீக்கிரம் கெடும். வேர் பாதியாவது மண்ணில் இருக்கச் சாய்ந்தது சில நாள் தாங்கும். எனவே முறிந்ததை முதலில் ஏற்ற வேண்டும். டன் கணக்கில் விற்கும் மரம் காயக் காய எடையும் குறையும். ஆபீஸிலிருந்து அனுமதிக் கடிதம் வர ஒரு வாரம் தாமதித்தால் அந்த நஷ்டம் யார் தலையில் விழுகிறது? பணம் முன்கூட்டிக் கட்டிய சிறு காண்டிராக்டர் தலையில்தான்.

இங்கேதான் அந்தக் காகிதம் முக்கியமாகிறது. பல இடங்களில் நிர்வாகம் இதை வேலைக் காண்டிராக்டாக எழுதுவதில்லை. மரத்தை விற்றுவிட்டதாக எழுதுகிறது. காரணம் உண்டு. 1955-ம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 33-ம் பிரிவுப்படி, காண்டிராக்டர் தன் ஆட்களுக்குக் கூலி கொடுக்கத் தவறினால், வேலையை ஒப்படைத்த முதலாளியிடமே மூன்று மாதக் கூலி வரை கேட்கலாம். தொண்ணூறு நாட்களுக்குள் வழக்குத் தொடர வேண்டும். “நாங்கள் வேலை கொடுக்கவில்லை, மரம் விற்றோம்” என்று சொல்லிவிட்டால் தப்பிக்க வழி பிறக்கிறது. நிரையைச் சுத்தம் செய்வது தோட்டத்தின் வேலையல்லவா? சுத்தம் செய்யும் காண்டிராக்டாகவே எழுதி, மரத்தின் விலையை அதில் கழித்துக்கொள்ளட்டும்.

நம்மவராகிய காண்டிராக்டருக்கும் ஒரு வார்த்தை. ஒரே ஒரு ஆளைக் கூலிக்கு வைத்தாலும் நீங்கள் முதலாளிதான். அவரைச் சொக்சோவில் பதிந்தாக வேண்டும். “அண்ணன் மகன்தான், பார்த்துக்கொள்வோம்” என்பது கால் நசுங்கும் வரைதான் செல்லும். சாய்ந்த மரத்தின் வேலை நிற்கும் மரத்தைச் சாய்ப்பதைவிட ஆபத்தானது. வளைந்து கிடக்கும் தண்டில் இழுபடும் பக்கத்தை முதலில் அறுத்தால் மரம் பிளந்து முகத்தில் அடிக்கும். நெரிபடும் பக்கத்தில் சிறிது அறுத்துவிட்டே மறுபக்கம் போக வேண்டும். தண்டை அறுத்து விட்டதும் வேர்க்கட்டை திடீரென்று நிமிர்ந்து குழிக்குள் சாயலாம்; அந்தக் குழியில் யாரும் நிற்கக் கூடாது. வாள் பிடிக்கும் காண்டிராக்டரும், 2017-ம் ஆண்டுச் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தமக்கே சந்தா கட்டிக்கொள்ளலாம்.

கிராணிமார்களிடம் நாம் கேட்பது சிறிய உதவிதான். லாரி தோட்டத்தை விட்டுப் போகும் நாளையும், ஆலையின் எடைச் சீட்டையும், அன்று வேலை செய்தவர்களின் பெயர்களையும் ஒரே புத்தகத்தில் எழுதி வையுங்கள். கிளைச் செயலாளர்கள் அடுத்த காற்றுக்காலத்துக்கு முன்பே மானேஜரைக் கண்டு, ஒப்பந்தம் எப்படி எழுதப்படும், அனுமதி எத்தனை நாளில் கிடைக்கும் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கி நமக்கு அனுப்பவும்.