பணிவு வேண்டும், கூழைக்கும்பிடு வேண்டாம்

பணிவும் அடிமைத்தனமும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும். இரண்டுமே குனிந்து நிற்கும். வேறுபாட்டை அறிய ஓர் எளிய வழி உண்டு. பணிவுள்ளவர் மேலதிகாரியிடம் பேசும் அதே குரலில் கடைநிலை ஊழியரிடமும் பேசுவார். கூழைக்கும்பிடு போடுபவரோ மேலே இருப்பவரிடம் குழைவார். கீழே இருப்பவரிடம் சீறுவார்.

ரயில்வேயில் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ரயில்வேயில் கீழ்ப்படிதல் இல்லாமல் ஒரு வண்டியும் ஓடாது. சிவப்பு விளக்கைக் கண்டால் ஓட்டுநர் நின்றே ஆகவேண்டும். இதில் இழிவு எதுவும் இல்லை. விதி எல்லோருக்கும் ஒன்றே. தண்டவாளத்தில் விரிசலைக் காணும் கேங்மேன் சிவப்புக் கொடி காட்டினால், பொது மேலாளர் பயணம் செய்யும் வண்டியும் நிற்கும்!

அத்தகைய பொறுப்புள்ள தண்டவாள ஊழியரை அதிகாரியின் வீட்டு வேலைக்கு அனுப்பும் வழக்கமும் இதே துறையில்தான் இருந்தது. 2017-இல் ரயில்வே வாரியம் விழித்துக்கொண்டது. வீடுகளில் வேலை செய்தவர்களைப் பாதைப் பணிக்குத் திருப்பி அனுப்பச் சொன்னது. வாரியத் தலைவரும் உறுப்பினர்களும் வரும்போது பொது மேலாளர்கள் நேரில் சென்று வரவேற்க வேண்டும் என்ற 1981-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. பூச்செண்டும் பரிசும் கூடாது என்றது. 2020-இல் பங்களா பியூன்களின் புதிய நியமனத்தையும் நிறுத்தியது.

ஆணை போட்டால் மட்டும் இந்நோய் தீருமா? தமிழ்நாட்டுக் காவல்துறையில் ஆர்டர்லி முறை 1979-லேயே ஒழிக்கப்பட்டது. ஆயினும் அது நீடிப்பதாக 2022-இல் சென்னை உயர்நீதிமன்றம் கண்டிக்க நேர்ந்தது.

இதில் தன்மானம் மட்டும் போவதில்லை. மேலதிகாரி முகம் சுளிப்பாரே என்று பாதையின் பழுதைச் சொல்லாமல் விட்டால், விலை கொடுப்பவர்கள் பயணிகள்.

ஒக்கலிபுரத்தில் வாழும் நாம், “பிழைக்க வந்த ஊரில் அடங்கிப் போ” என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அண்டை வீட்டாரோடு கன்னடத்தில் பேசிப் பழகுவது பணிவு. அது நமக்குப் பெருமை. உரிய கூலியைக் கேட்க அஞ்சுவதும், தவறென்று தெரிந்தே தலையாட்டுவதும் பணிவில் சேரா. நம் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மாவுக்குத் தனி டம்ளர் வைத்துவிட்டு, வெளியே நாம் மரியாதை எதிர்பார்ப்பது எந்த நியாயம்?

பெரியவர்களை வணங்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறோம். “ஐயா, இது சரியில்லை” என்று மரியாதையோடு எடுத்துச் சொல்லவும் கற்றுக்கொடுப்போம். முதலில் அதை நம்மிடமே சொல்லிப் பழகட்டும், கோபப்படாமல் கேட்போம்.