பனிமலைக்கு ஐம்பது ஞாயிறுகள்

(இளம் அறிவியல் இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர்)

சென்ற பருவத்தில் ஒருநாள் வெப்பவியல் வகுப்பு. எங்கள் பேராசிரியர் கடைத்தெருவிலிருந்து ஒரு ஐஸ் பாளத்தை வரவழைத்து ஆய்வக மேசையில் வைத்தார். அதன்மேல் மெல்லிய கம்பியைப் போட்டு, இரு முனைகளிலும் எடைக்கற்களைக் கட்டித் தொங்கவிட்டார். கம்பி பாளத்தை அறுத்துக்கொண்டு இறங்க, அறுபட்ட இடம் மேலே மீண்டும் ஒட்டிக்கொண்டே வந்தது. மறு உறைதல் என்று பாடநூலில் படித்ததைக் கண்ணால் கண்டோம்.

"பனி மூடிய மலையை நேரில் பார்த்தவர்கள் கை தூக்குங்கள்" என்றார் ஐயா. ஒரு கைகூட எழவில்லை. "என் கையும் எழாது" என்று சொல்லிச் சிரித்தார்.

பிறகு பனிச்சறுக்குப் பலகை ஏன் வழுக்குகிறது என்று விளக்கினார். மனிதனின் எடையால் ஏற்படும் அழுத்தமே பனியை உருக்குகிறது என்று முற்காலத்தில் எண்ணினார்கள். 1939இல் பௌடன், ஹியூஸ் என்ற இரு அறிஞர்கள் சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராயோக் மலைக்கே போய்ச் சோதித்துப் பார்த்து, உராய்வினால் பிறக்கும் வெப்பமே பெரும்பாலும் அந்த மெல்லிய நீர்ப்படலத்தை உண்டாக்குகிறது என்று காட்டினார்கள். "அவர்கள் மலைக்குப் போய் அளந்தார்கள். நாம் அதைப் படித்து ஐந்து மதிப்பெண் வாங்குகிறோம்" என்று ஐயா முடித்தார். வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அன்று மாலை சின்னசேலம் பேருந்து நிலையத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த எங்கள் மூவருக்கும் அது முள்ளாகத் தைத்தது.

அங்கேயே ஒரு முடிவு செய்தோம். மணாலிக்குப் போவது, அருகிலுள்ள சோலாங் பள்ளத்தாக்கில் பதினான்கு நாள் தங்கிப் பனிச்சறுக்குக் கற்பது. போக வர மூன்று மூன்று நாள். ஆக இருபது நாள் பயணம்.

செய்தி பரவியதும் கேலியும் பரவியது. "கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை" என்றார் ஒருவர். "பணக்காரன் விளையாட்டு உங்களுக்கு எதற்கு?" என்றார் மற்றொருவர். அவர்களுக்குப் பதில் சொல்லவும், கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள் வைக்கவும்தான் இக்கட்டுரை.

முதலில், இது பணக்காரன் விளையாட்டா? பனி நாடுகளில் சறுக்குப் பலகை என்பது வேட்டைக்காரனும் குடியானவனும் காலில் கட்டிய வாகனம். இன்றைய பனிச்சறுக்கின் தந்தை என்று போற்றப்படுகிற சோந்த்ரே நூர்ஹைம் (1825-1897), நார்வே நாட்டின் டெலிமார்க் பகுதியில் மோர்கெடால் என்னும் ஊரைச் சேர்ந்த ஏழைக் குத்தகை விவசாயி. குதிகாலையும் பலகையோடு பிணைக்கும் கட்டினை உருவாக்கி, 1868இல் தலைநகரில் நடந்த போட்டியில் எல்லோரையும் வியக்க வைத்தார். பிழைப்புத் தேடி 1884இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். குத்தகை விவசாயியின் கால்களில் வளர்ந்த விளையாட்டைக் குத்தகை விவசாயியின் பேரன் கற்க ஆசைப்பட்டால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

நம் நாட்டிலேயே பாருங்கள். கேரளத் தந்தைக்கும் இத்தாலியத் தாய்க்கும் மகனாய் மணாலி பக்கம் வளர்ந்தவர் சிவ கேசவன். பனிச்சறுக்கு வண்டிப் போட்டியில் 1998 முதல் 2018 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக்குகளில் கலந்துகொண்டார். பயிற்சிக்கு உறைபனிப் பாதை இல்லாததால், வண்டிக்குச் சக்கரம் பொருத்தி, லாரிகளுக்கும் ஆட்டு மந்தைகளுக்கும் நடுவே மலைச்சாலையில் உருண்டவர் அவர். வசதி இல்லாதவனுக்கு யுக்தி உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

அடுத்தது பணம். உல்லாச விடுதிகளின் விளம்பரத்தைப் பார்த்தால் நமக்கு மயக்கமே வந்துவிடும். ஆனால் அரசே நடத்தும் பயிற்சி நிலையங்கள் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. மணாலி மலையேற்ற நிலையம் 1961இல் தொடங்கியது. காஷ்மீரத்துக் குல்மார்க்கில் மத்திய அரசின் பனிச்சறுக்கு, மலையேற்ற நிலையம் 1968இல் தோன்றியது. இவற்றில் பயிற்சிக் கட்டணத்திலேயே தங்கும் இடம், உணவு, பலகை, காலணி எல்லாம் அடங்கிவிடும். தனியே அறை எடுத்து, பலகை வாடகைக்குப் பிடித்து, ஆசிரியருக்கு மணிக்கணக்கில் கொடுப்பதைவிட இதுவே மாணவனுக்கு ஏற்ற வழி.

சின்னசேலத்திலிருந்து சேலம். அங்கிருந்து கேரளா எக்ஸ்பிரஸில் சாதாரணப் படுக்கை வகுப்பில் ஒன்றரை நாளில் புதுடெல்லி. டெல்லியிலிருந்து ஓர் இரவு அரசுப் பேருந்தில் மணாலி. ரயிலுக்குப் புளிசாதமும் கடலை உருண்டையும் வீட்டிலிருந்தே. பருத்திச் சட்டை நனைந்தால் உடல் வெப்பத்தை உறிஞ்சிவிடும் என்பதால் கம்பளிச் சட்டைகள் வேண்டும். அவற்றைத் தேசிய மாணவர் படை அண்ணன்களிடம் இரவல் கேட்டிருக்கிறோம். தலைக்கு 25,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்பது எங்கள் வரம்பு. கை கால் முறிந்தால் ஆகும் செலவுக்கென்று அதில் ஒரு பங்கைத் தொடாமல் வைக்க வேண்டும் என்றும் எழுதிக்கொண்டோம்.

இருபத்தைந்தாயிரம் எங்கிருந்து வரும்? கல்யாண வீடுகளில் பந்தி பரிமாறப் போனால் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கு 500 ரூபாய் கிடைக்கிறது. ஆகவே பனிமலைக்கு நான் கொடுக்கும் விலை ஐம்பது ஞாயிறுகள். 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட தமிழ்ப் புதல்வன் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்து வந்த எனக்கு மாதம் 1,000 ரூபாய் வந்தது. அதில் ஒரு காசும் இதற்கு எடுப்பதில்லை என்று தொடக்கத்திலேயே உறுதி செய்துகொண்டேன். அது படிப்புக்காக மக்கள் தந்த பணம். அதை மலையில் சறுக்கவிட எனக்கு உரிமை இல்லை.

வீட்டில் சொன்னபோது அம்மா கேட்டது இன்னும் காதில் ஒலிக்கிறது. "ஏன்டா, மார்கழிப் பனிக்கே மூக்க உறிஞ்சிக்கிட்டுத் திரியிற. இதுல காசு குடுத்துப் பனியத் தேடிப் போறியா? அம்பது ஞாயித்துக்கிழம ஒழச்சி, அங்க போயி வழுக்கி விழணுமா?" அம்மா மரவள்ளிக் காட்டில் கூலிக்குக் கிழங்கு பிடுங்குகிறவர். அப்பா மக்காச்சோள மண்டியில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அம்மாவின் கேள்வியை நான் இன்றுவரை முழுதாக வென்றதில்லை.

பதினேழு ஞாயிறுகள் சேர்ந்திருந்தபோது மண்டியில் அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. பதினேழு ஞாயிறுகளும் மருந்துக்கும் மளிகைக்கும் போயின. அப்பா என்னைத் தடுக்கவுமில்லை, கேட்கவுமில்லை. "எழுதி வெச்சிக்க, திருப்பித் தர்றேன்" என்று மட்டும் சொன்னார். நான் எழுதி வைக்கவில்லை. மறு ஞாயிறு ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினேன். இந்தப் பிப்ரவரியில் போவதாக இருந்த பயணம் அடுத்த பிப்ரவரிக்குத் தள்ளிப்போயிற்று. இரு நண்பர்களும் எனக்காகக் காத்திருக்கச் சம்மதித்தார்கள்.

"அந்தப் பணத்தைக் குரூப் 4 பயிற்சி வகுப்பில் கட்டினால் வேலையாவது கிடைக்கும்" என்று அக்கறையோடு சொன்னவர்களும் உண்டு. நானும் அந்தத் தேர்வை எழுதத்தான் போகிறேன். ஆனால் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவனுக்கு மட்டும் படிப்பு என்பது வேலைக்கான வாசற்படியோடு நின்றுவிட வேண்டுமா? வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஊர் சுற்றினால் அதை அனுபவம் என்கிறோம். கூலிக்காரன் பிள்ளை சுற்றினால் ஊதாரித்தனம் என்கிறோம். இந்த இரட்டை அளவுகோலை ஒரு கல்லூரியாவது ஏற்கக்கூடாது. இந்த ஓராண்டில் நான் கற்றதையும் சொல்ல வேண்டும். வரவு செலவு எழுதினேன். ரயில் அட்டவணை படித்தேன். முன்பின் தெரியாத அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதிப் பதில் பெற்றேன். போகுமுன்பே பாதிப் படிப்பு முடிந்துவிட்டது.

பணத்தைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. பனிச்சறுக்குக் காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. நமக்கோ விடுமுறை மே மாத வெயிலில்தான். 90 வேலை நாள் கொண்ட பருவத்தில் 75 சதவீத வருகை வேண்டுமென்றால் 22 நாள்தான் வராமல் இருக்கலாம். சனி, ஞாயிறு கழித்தாலும் எங்கள் பயணம் அதில் ஏறக்குறைய 15 நாளை விழுங்கிவிடும். மீதமுள்ள ஏழு நாளுக்குள் காய்ச்சல், கல்யாணம், கருமாதி எல்லாம் முடிந்தாக வேண்டும்!

இங்கேதான் கல்லூரியின் உதவியைக் கேட்கிறேன். கல்லூரி ஏற்பாடு செய்யும் கல்விச் சுற்றுலாவுக்கு ரயில்வே படுக்கை வகுப்பில் மாணவர்களுக்குப் பாதிக் கட்டணச் சலுகை தருகிறது. தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்களுக்கு முக்கால் பங்கு. நாங்கள் மூவர் தனியே போனால் அது கிடைக்காது. முதல்வர் கடிதம் கொடுத்து, ஓர் ஆசிரியரும் உடன் வந்தால் கிடைக்கும். ஒரு கையெழுத்துக்கு இத்தனை மதிப்பு!

இன்னொன்று. எங்கள் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டார்: "நீங்கள் மூன்று பேர் தேநீர்க் கடையில் முடிவு செய்து கிளம்பிவிடுவீர்கள். நாங்கள் எந்தக் கடையில் உட்கார்ந்து முடிவு செய்வது?" எனக்குப் பதில் வரவில்லை. 2018இல் துருக்கியில் வெண்கலம் வென்று, பனிச்சறுக்கில் இந்தியாவுக்கு முதல் பன்னாட்டுப் பதக்கம் தேடித் தந்தவர் மணாலிப் பக்கத்து ஆஞ்சல் தாக்கூர் என்ற பெண்தான். 2023இல் விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட் ஏறினார். தமிழ்நாட்டுப் பெண்களில் அவரே முதல்வர். நம் தோழியருக்கும் கால்களில் வலு உண்டு. வீட்டார் நம்பி அனுப்பக்கூடிய ஓர் ஏற்பாடுதான் இல்லை. அதைக் கல்லூரி மட்டுமே தர முடியும்.

முடிக்குமுன் என் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன். வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் தோழனிடம் எங்கள் திட்டத்தைப் பெருமையாகச் சொன்னேன். அவன் அமைதியாகக் கேட்டான்: "இமயமலை இருக்கட்டும். எங்க கல்வராயன் மலையில எத்தன நாள் தங்கியிருக்க?" மேகம் அருவியில் ஒருநாள் குளித்ததைச் சொன்னேன். "நீங்க மலைக்கு வந்தா சுற்றுலா. நாங்க கீழ வந்தா பொழப்பு" என்றான்.

சுருக்கென்றது. 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்த மலை அது. அந்த மக்கள் பட்ட பாட்டை மலையடிவாரத்தில் பிறந்த நான் இருபது வயதில்தான் கேட்டறிந்தேன். பெரிய கல்வராயன் நாலாயிரம் அடி உயரம். அந்த ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறவன் 6,700 அடி உயரத்து மணாலியில் என்ன செய்வான்? அதன்பின் நாங்கள் மூவரும் அத்தோழன் வழிகாட்ட இருமுறை மலையில் நடந்து, அவன் வீட்டிலேயே தங்கினோம். அவனுக்கு மூச்சு வாங்கவே இல்லை. இப்போது எங்கள் அணி நால்வர், தலைவன் அவன்தான். சோலாங் பள்ளத்தாக்கிலும் நம்மைப் போன்ற மாணவர்கள் இருப்பார்கள். அவர்கள் ஊருக்கு வேடிக்கை பார்க்கப் போகாமல், கற்றுக்கொள்ளப் போக வேண்டும் என்ற பாடத்தை அவனே தந்தான்.

முதல்வர் அவர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் மூன்று வேண்டுகோள்கள். நம் கல்லூரியில் மாணவரும் மாணவியரும் சேரக்கூடிய ஒரு மலையேற்ற மன்றம் தொடங்க வேண்டும். அதன் முதல் பயணம் கல்வராயன் மலைக்கே இருக்கட்டும். மன்றத்தின் நெடும்பயணங்களைக் கல்விச் சுற்றுலாவாக ஏற்று, ரயில் சலுகைக்குக் கடிதம் தர வேண்டும். விளையாட்டு வீரர்களுக்குத் தருவதுபோல், அரசு நிலையங்களில் பயிற்சி பெறும் நாட்களுக்கும் வருகைப்பதிவு தர வேண்டும். இவற்றுக்குப் பெரிய செலவு ஏதுமில்லை.

நண்பர்களே, இதை எழுதும்போது என் கணக்கில் இருபத்திரண்டு ஞாயிறுகள் சேர்ந்திருக்கின்றன. இன்னும் இருபத்தெட்டு பாக்கி. இடையில் வீட்டுக்கு மீண்டும் தேவைப்பட்டால் கொடுத்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவேன். ஆனால் எண்ணுவதை நிறுத்த மாட்டேன். என்றாவது ஒருநாள் ஐயா வகுப்பில் அதே கேள்வியைக் கேட்கும்போது நம் பக்கத்திலிருந்து சில கைகள் எழ வேண்டும். அன்று ஐயாவின் கையும் எழுமானால், அதுவே இம்மன்றத்தின் முதல் வெற்றி.