தீவக மாணவரும் முதலாம் அரையாண்டும்

யாழ்ப்பாணத்தின் தீவகத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவர் முதலாம் ஆண்டில் சறுக்கினால், அத்திவாரம் போதாது என்று சொல்லிக் கடந்துபோவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அனுமதி முறையை உற்றுநோக்கினால் இந்தத் தீர்ப்பு நிற்காது. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும் 55 வீத இடங்கள் மாவட்டங்களுக்கும் உரியவை. இந்தக் கணக்கில் யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே மாவட்டம். நெடுந்தீவு மாணவிக்கும் நகரத்துப் பெரிய கல்லூரி மாணவிக்கும் வெட்டுப்புள்ளி ஒன்றே. ஆனால் நெடுந்தீவுக்குப் படிப்பிக்கப் போகும் ஆசிரியர் குறிகட்டுவானில் படகேற வேண்டும். கடல் கொந்தளித்துப் படகு நின்றால் அன்றைய பாடமும் நின்றுபோகும். உயர்தரத்தில் விஞ்ஞானமோ கணிதமோ படிக்க விரும்பும் தீவகப் பிள்ளைகள் பலர் வீட்டைவிட்டு நகரில் தங்கவேண்டியிருக்கிறது. இத்தனையும் தாண்டி அதே வெட்டுப்புள்ளியைத் தொட்டவரைத் திறமை குறைந்தவர் என்பது எப்படிப் பொருந்தும்?

அவர்கள் சறுக்குவது வேறோரிடத்தில். பதின்மூன்று வருடம் தமிழில் படித்தவர்களுக்கு விஞ்ஞான, பொறியியல், மருத்துவ பீடங்களில் முதல் நாளிலிருந்தே விரிவுரை ஆங்கிலத்தில். இரசாயனச் சமநிலைக் கணக்கைத் தமிழில் தயங்காமல் செய்து முடித்த மாணவி, பல்கலைக்கழகத்தில் ஆங்கில வினா என்ன கேட்கிறது என்று விளங்கிக்கொள்வதிலேயே பரீட்சை நேரத்தைச் செலவிடுகிறார். ஆய்வுகூடத்தில் பரிசோதனையைச் சரியாகச் செய்கிறார். அறிக்கை எழுதும்போது பக்கத்திலிருப்பவரைப் பார்த்து எழுதுகிறார். சுமார் 15 வாரக் கற்பித்தல் முடிந்ததும் பரீட்சை வந்துவிடுகிறது. அந்தப் பெறுபேறு எதை அளக்கிறது? பாட அறிவையா, மொழிமாற்றத்தின் வேகத்தையா?

ஆங்கிலக் கற்பித்தல் அலகு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அதன் பணியும் தேவையானது. ஆனால் பொது ஆங்கில வகுப்பு ஆய்வுகூட அறிக்கை எழுதப் பழக்காது. அதைப் பாட விரிவுரையாளர்தான் தன் பாடத்துக்குள்ளேயே பழக்க வேண்டும். சலுகை கொடுத்தால் பட்டத்தின் தரம் இறங்கும் என்ற அச்சமும் உண்டு. தென்னாபிரிக்கா இதற்கு விடை தருகிறது. அங்கே பின்தங்கிய பள்ளிகளிலிருந்து வருவோருக்காக அரச நிதியுடன் நீடித்த பட்டப்படிப்புகள் நடக்கின்றன. தொடக்கத்தில் கூடுதல் காலமும் துணையும் கிடைக்கின்றன. பெறும் பட்டம் மற்றவர்கள் பெறுவதே. தரத்தைக் காப்பது இறுதியில் எதை எதிர்பார்க்கிறோம் என்பதே; தொடக்கத்தில் எத்தனை பேரைத் தவறவிடுகிறோம் என்பது அல்ல.

1974 இல் வளாகமாகத் தொடங்கி அரை நூற்றாண்டைக் கடந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இத்தகைய துணையைக் கொடுக்கப் புதிய கட்டடம் தேவையில்லை. முதல் இரு வாரங்களில் மாணவரின் வாசிப்புத் திறனை அறியும் ஒரு சோதனை, முதலாம் அரையாண்டுக்கு இருமொழிக் கலைச்சொல் பட்டியல், திருத்தித் திரும்பக் கொடுக்கப்படும் இரண்டு அறிக்கைகள், படகு ஓடாத நாளில் வரவுப் பதிவில் தளர்வு ஆகியவை போதும். பீடச் சபைகள் அடுத்த அணி மாணவர் வருவதற்கு முன்பே இவற்றைத் தீர்மானமாக்க வேண்டும்.