உதவிக்கு ஒரு கணக்கு



2011 பிப்ரவரி 22 அன்று நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சை உலுக்கிய 6.3 அளவு நிலநடுக்கத்தின் மையம், லிட்டல்டன் என்ற சின்னத் துறைமுக ஊருக்குப் பக்கத்தில்தான். பழைய செங்கல் கட்டடங்கள் சரிந்தன. கப்பல்களுக்கு நேரம் காட்டிய 1876ஆம் ஆண்டுக் கோபுரமும் பிழைக்கவில்லை. 2018இல்தான் திரும்ப எழுப்பினார்கள்.

ஆனால் அங்கே 2005 முதலே ஒரு 'நேர வங்கி' இருந்தது. பிறருக்கு ஒரு மணி நேரம் உழைத்தால், ஒரு மணி நேர உதவி உங்கள் கணக்கில் ஏறும். தச்சர் வேலைக்கும் பாட்டியின் தையலுக்கும் ஒரே மதிப்பு. யாருக்கு என்ன தெரியும் என்பது முன்பே தெரிந்திருந்ததால், அந்த நாட்களில் அது பெரிதும் கைகொடுத்தது.

"உதவிக்குப் போய்க் கணக்கா?" என்பீர்கள். கணக்கு இருந்தால்தான் வாங்குபவர் கூனிக் குறுக வேண்டியதில்லை என்பது என் கட்சி. (கணக்கு டீச்சர் வேறென்ன சொல்வேன்!)

எங்கள் தெருவுக்கு ஒரு நோட்டுப் போட்டுவிட்டேன். முதல் வரி: கணக்குச் சொல்லித் தருதல், வாரம் 2 மணி நேரம்.