கோச்சிப் பாதையும் காரைநகர் ஒழுங்கைகளும்

 

லண்டனில் இருக்கும் எங்கள் பழைய மாணவர்கள், கைவிடப்பட்ட ரயில் பாதையில் சைக்கிள் ஓடுகிற படங்களை அனுப்புகிறார்கள். "ஊரிலும் இப்படி ஒன்று வேணும், சேர்" என்று கீழே எழுதுகிறார்கள். காரைநகருக்கு ரயில் வந்ததே இல்லை. என்றாலும் அந்தப் படங்களில் நாங்கள் படிக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு.

அந்தப் பாதையின் பெயர் பார்க்லண்ட் வோக். வடக்கு லண்டனில், ஹைகேற் முருகன் கோயிலுக்குக் கிட்டவாகப் போகிறது. 1954இல் அங்கே பயணிகள் ரயில் நின்றது. 1970இல் மிச்சமும் நின்றது. 1984இல் நடைபாதையாகத் திறந்தார்கள். கொஞ்சக் காலத்தில் அதன் மேலால் பெரிய வீதி போட ஒரு திட்டம் வந்தது. அயலவர்கள் ஒன்றுசேர்ந்து எதிர்த்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது. 1990இல் அந்த இடத்தை இயற்கை ஒதுக்கிடமாக அறிவித்தார்கள். சனத்தின் கால் பட்ட வழி, அதோடு அரசாங்கக் கடதாசியிலும் ஏறிவிட்டது.

அதே 1990இல் எங்கள் பக்கம் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் ஓடத் தொடங்கிய கோச்சி, அந்த வருடம் ஜூனில் நின்றது. ஒக்ரோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்களாகிய நாங்கள் வெளியேற்றப்பட்டோம். ஏறிப் போக ஒரு ரயில்கூட அப்போது இல்லை. அடுத்த வருடம் காரைநகர்ச் சனமும் இடம்பெயர்ந்தது.

தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர்களுக்குப் போயின. மிஞ்சியது மேடான, நேரான சல்லித் தரை. கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம் பக்கத்தில் சனம் அதை நடைவழியாக்கியது. எரிபொருள் தடையில் சைக்கிளே வாகனமாக இருந்த காலம் அது. ரயிலுக்காகப் போட்ட தரையில் ஏற்ற இறக்கம் குறைவு, மிதிக்கிறவருக்குச் சுகம். போக இடமில்லாதவர்கள் சிலர் ஓரத்தில் குடிலும் போட்டார்கள்.

2014 ஒக்ரோபரில் ரயில் மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை போனது. அதில் எங்களுக்கும் சந்தோஷம்தான். கொழும்புக்கு நாங்களும் அதில்தான் போகிறோம். ஆனால் 24 வருடம் நடந்த வழி அதோடு போயிற்று. காணி ரயில்வே திணைக்களத்தினுடையது. நடந்தவர்களின் வழி எந்தப் பதிவிலும் இல்லை. ஓரமாக ஒரு சைக்கிள் பாதைக்கு இடம் விடுங்கள் என்று கேட்கக்கூட அவர்கள் கையில் ஒரு துண்டு இல்லை.

இதை ஏன் காரைநகரில் சொல்கிறோம்? எங்கள் கோச்சிப் பாதைகள் இங்குள்ள ஒழுங்கைகள்தான். பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் கடற்கரைக்கும் நல்ல தண்ணீர்க் கிணற்றுக்கும் போக, பனை வடலிகளுக்கு நடுவால் காலாகாலமாகப் பாவித்த வழிகள். அவற்றில் சில முட்பற்றை மூடிக் கிடக்கின்றன. சிலவற்றின் கண்டாயத்தில் முள்ளுக்கம்பி ஏறிவிட்டது. அதனால் பிள்ளைகள் பஸ்ஸும் ரிப்பரும் போகிற பெரிய வீதியால் சைக்கிளில் சுற்றி வருகிறார்கள்.

காணிக்காரரைக் குறை சொல்வது எங்கள் நோக்கமல்ல. பலர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். களவு, குப்பை, கட்டாக்காலி மாடு என்ற பயம் அவர்களுக்கும் உண்டு. தங்கள் வளவுக்குள்ளால் ஒரு வழி போனதே அடுத்த தலைமுறைக்குத் தெரியாது. பழைய உறுதிகளில் 'வழி வாய்க்கால்' என்று எழுதியிருக்கும். அதை எடுத்து வாசிக்கத்தான் ஆளில்லை.

சட்டம் கொஞ்சம் உதவும். ஆட்சியுரிமை பற்றிய 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி, தனியார் காணியில் பத்து வருடம் தடையில்லாமல், உரிமையோடு பாவித்த வழிக்கு உரிமை கோரலாம். அரச காணிக்கு அது செல்லாது. தனியார் காணியிலும் நீதிமன்றம் போய்ச் சாட்சி வைக்க வேண்டும். எந்த ஒழுங்கையால் யார் போனார்கள் என்று சொல்லக்கூடிய அப்புமாரும் ஆச்சிமாரும் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டு போகிறார்கள். அவர்கள் போனால் சாட்சியும் போகும்.

வடக்குக்குத் திரும்பி வந்த முஸ்லிம்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உறுதி கையில் இருந்தவர் தன் வளவைக் காட்டினார். இல்லாதவர் கந்தோர் கந்தோராக அலைந்தார். திரும்பி வந்து குடியேறிய காரைநகராருக்கும் அது தெரிந்த கதைதான்.

ஆகவே வேலி வெட்டவும் வேண்டாம், சண்டை பிடிக்கவும் வேண்டாம். முதலில் எழுதி வைப்போம். ஒவ்வொரு குறிச்சியிலும் மூத்தவர் ஒருவரோடு எங்கள் மாணவர்கள் இரண்டு பேர் நடக்கட்டும். ஒழுங்கை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எத்தனை அடி அகலம், என்ன பெயர் என்று கொப்பியில் குறிக்கட்டும். அதை வரைபடமாக்கிப் பிரதேச சபைக்கும் கிராம சேவகருக்கும் கொடுப்போம். தன் பகுதியின் பொது வழிகளைப் பேணும் பொறுப்பு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டப்படி சபைக்கு உண்டு. பட்டியல் கையில் கிடைத்தால் சபையும் அசையும். காணிக்காரரோடும் மரியாதையாகக் கதைக்கலாம். சைக்கிள் பாதை, நிழல் மரம், பெயர்ப் பலகை எல்லாம் பிறகு வரட்டும்.

பாதையில் கிடக்கும் முள்ளை எடுத்துப் போடுவதும் நன்மை என்று சின்ன வயதில் எங்களுக்கு ஓதித் தந்தார்கள். பாதையையே காப்பாற்றினால் எவ்வளவு நன்மை!

வெளிநாட்டில் இருக்கும் உறவுகளே, படம் அனுப்பியது போதும். சின்ன வயதில் நீங்கள் சைக்கிள் உழக்கிய ஒழுங்கையின் பெயரையும், அது எங்கே போய் ஏறியது என்பதையும் கீழே எழுதுங்கள். அப்புவும் ஆச்சியும் இருந்தால் இன்றைக்கே போன் எடுத்துக் கேட்டு எழுதுங்கள். பட்டியல் இங்கேயிருந்தே தொடங்கட்டும்.