ஒருபொருட் சொற்கள் ஒன்றாகா!

தமிழ்ப் பெற்றோரே!

நம் தொடக்கப் பள்ளிகளில் 'ஒருபொருள் குறிக்கும் பல சொற்கள்' என்று பட்டியல் தந்து, பிள்ளைகளை நெட்டுருச் செய்ய வைக்கின்றனர். பிள்ளையும் ஒப்புவித்து மதிப்பெண் பெறுகின்றது. அச்சொற்களுக்கிடையே உள்ள வேறுபாட்டை மட்டும் எவரும் காட்டுவதில்லை. நெல்லையும் வரகையும் தினையையும் ஒரே குதிரிற் கொட்டுவது போன்றதே இது.

பூவைக் கொய்கிறோம், காயைப் பறிக்கிறோம், கீரையைக் கிள்ளுகிறோம், களையைப் பிடுங்குகிறோம், கதிரை அறுக்கிறோம். ஐந்தும் நிலத்தின் விளைவைப் பிரித்தெடுக்கும் வினைகளே. எனினும், நகநுனி செய்வது கிள்ளல். வேரோடு வருவது பிடுங்கல். அரிவாள் செய்வது அறுத்தல். கீரையைக் கிள்ளினால் மீண்டுந் தழைக்கும். பிடுங்கினாலோ பாத்தி வெறுமையாகும். சொல் மாறினால் செயலே மாறிவிடும்.

அவ்வாறே, வெங்காயத்தை அரிகிறோம், விறகைப் பிளக்கிறோம், மரத்தை வெட்டுகிறோம், தாளைக் கத்தரிக்கிறோம். இன்றோ நகர வீடுகளில் இவ்வனைத்தையும் 'கட் பண்ணு' என்னும் ஒற்றைக் கலவைச்சொல் விழுங்கிவிட்டது. காய்க்கும் அதுவே, நகத்திற்கும் அதுவே, தொலைபேசித் தொடர்பைத் துண்டிப்பதற்கும் அதுவே! ஓர் அயற்சொல் நுழைந்ததால் ஒரு தமிழ்ச்சொல்லா போயிற்று? ஐந்தாறு சொற்களும், அவற்றைப் பகுத்துக் காணும் கண்ணும் சேர்ந்தன்றோ போயின!

இந்நுட்பம் நம் முன்னோர்க்குக் கைவந்தது. 'தா', 'வா' என்பன தன்மைக்கும் முன்னிலைக்கும், 'கொடு', 'செல்' என்பன படர்க்கைக்கும் உரியன என்று சொல்லதிகாரத்தில் வரையறுத்தார் தொல்காப்பியர். உயிர்களின் இளமையைக் குறிக்க மட்டுமே 9 பெயர்களை மரபியலில் வகுத்தார்.

ஐந்தகவைப் பிள்ளைக்கு நூற்பா வேண்டா. மாம்பழத்தைக் கையில் அளித்து, 'எனக்கொன்று தா; தங்கைக்கொன்று கொடு' என்று திருத்தமாகச் சொன்னாற் போதும். பசுவின் கன்றையும் ஆட்டுக் குட்டியையும் கோழிக் குஞ்சையும் நேரிற் காட்டிப் பெயர் சொல்லுக. அடுக்களையில் உடனிருத்தி, எண்ணெயின்றிக் கடலையை வறுப்பதும், சிறிது எண்ணெயில் வெங்காயத்தை வதக்குவதும், எண்ணெயில் முழுகவிட்டு அப்பளத்தைப் பொரிப்பதும் வெவ்வேறு வினைகள் என்று காட்டுக. கண்டறிந்த சொல் மறவாது. பட்டியற்சொல் தேர்வோடு மறையும்.

ஆசிரியர்களும் தம் வினாவை மாற்றுவாராக. 'இதற்கு வேறு சொற்கள் யாவை?' என்பதோடு நில்லாது, 'இவ்விடத்தில் இச்சொல்லை ஏன் சொன்னாய்?' என்றும் வினவுக.

பிள்ளைக்கு முதற்பள்ளி வீடே. அங்குத் திருந்தாத தமிழ் வேறெங்கும் திருந்தாது. இன்றைய சமையலிலிருந்தே தொடங்குக!